வருவாய்த் துறையில் முதல் மெமோ: கையில் வாங்குவதிலிருந்து மேல்முறையீடு வரை

குரூப் 4 எழுதி கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ வருவாய்த் துறைக்கு வந்து சேருகிறவர்களுக்குச் சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். மெமோ, அதாவது தவறு செய்ததாகச் சொல்லி விளக்கம் கேட்கும் குறிப்பாணை, வந்தால் என்ன செய்வது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. வந்த அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வதுதான் பாடம். அவர் பெரும்பாலும், "ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா, கண்டனத்தோட முடிஞ்சிடும்" என்பார். அந்த ஒரு வரியால் வேலையை இழந்தவர்களின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். விசாரணை அலுவலராக உட்கார்ந்த காலத்தில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது இதுதான்: செய்த தவறு சிறியதாக இருக்கும், அதற்கு எழுதிக் கொடுத்த விளக்கம் அதைப் பெரிதாக்கியிருக்கும்.

இது தமிழ்நாட்டு அரசுப் பணியில் உள்ள வருவாய்த் துறையினருக்கான குறிப்பு. மத்திய அரசின் வருமான வரி, சுங்கத் துறைக்காரர்களுக்கு 1965ஆம் ஆண்டின் வேறு விதிகள். அடிப்படை ஒன்றுதான் என்றாலும் விதி எண்ணும் காலக்கெடுவும் மாறும்.

எது உங்களைக் காப்பாற்றுகிறது

அரசியலமைப்பின் 311ஆவது பிரிவை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிடுங்கள், அரைப் பக்கம்தான். அதில் இரண்டு காப்புகள் இருக்கின்றன. உங்களை நியமித்த அலுவலருக்குக் கீழே உள்ள எவரும் உங்களை வேலையை விட்டு அனுப்ப முடியாது. குற்றச்சாட்டு என்ன என்று சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுத்து, விசாரணை நடத்தாமல் பணிநீக்கமோ பணியறவோ பதவியிறக்கமோ செய்ய முடியாது. இதை நடைமுறைப்படுத்துவது 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிமுறைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்வது 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள்.

இந்தக் காப்பு தண்டனைக்கு மட்டும்தான் என்பதற்கு நம் துறையிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. கிராமக் கணக்கையும் நிர்வாகத்தையும் அதுவரை பார்த்துவந்த கர்ணம், முன்சீப் பதவிகள் எல்லாம் ஒரே நாளில் ஒழிந்தன. பரம்பரையாக மணியம் பார்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். பதவியை ஒழிப்பது வேறு, ஆளைத் தண்டித்து அனுப்புவது வேறு, இதற்கு 311 வராது என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் காலியிடத்தில் வந்ததுதான் இன்றைய கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) பதவி.

கவர் வந்ததும்

'மந்தணம்' (ரகசியம்) என்று எழுதி ஒட்டிய கவர் வரும். வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, இரண்டு சாட்சியின் கையெழுத்து வாங்கி, சார்வு செய்யப்பட்டதாக, அதாவது உங்களிடம் முறைப்படி சேர்ப்பித்துவிட்டதாக, கோப்பில் வைத்துவிடுவார்கள். காலக்கெடு ஓட ஆரம்பித்துவிடும், உங்கள் கையில் காகிதம் இருக்காது. ஒப்புகையில் கையெழுத்துப் போடும்போது தேதியையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். இணைப்புகள் என்று சொன்னவை உள்ளே இல்லையென்றால், "இணைப்பு மூன்று பெறப்படவில்லை" என்று ஒப்புகையிலேயே குறித்துவிடுங்கள்.

பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள். மேலே 'முன்னிலை' என்று யார் பெயர் இருக்கிறது? அவர் உங்கள் மீது அந்த நடவடிக்கையை எடுக்க அதிகாரம் உள்ளவரா? இதற்காகவே நியமன ஆணையின் நகல் எப்போதும் வீட்டில் ஒன்று இருக்க வேண்டும். அதில் யார் கையெழுத்து இருக்கிறதோ அதுதான் அளவுகோல். அடுத்தது கோப்பைக் குறிக்கும் ந.க.எண்ணும் தேதியும். மூன்றாவது, முக்கியமானது, பொருளில் உள்ள விதி எண்: 17(ஏ)வா, 17(பி)யா?

விதி எண்ணே இல்லாமல் "விளக்கம் கோரப்படுகிறது" என்று மட்டும் வருவதும் உண்டு. அது முதற்கட்டம். அதற்கு நீங்கள் எழுதும் பதிலிலிருந்துதான் குற்றச்சாட்டை உருவாக்குவார்கள் என்பதால் அதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏ என்றால் என்ன, பி என்றால் என்ன

17(ஏ) சிறு தண்டனைகளுக்கான வழி. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி உயர்வு நிறுத்தம், அரசுக்கு ஏற்பட்ட இழப்பைச் சம்பளத்தில் பிடித்தல் போன்றவை. குற்றச்சாட்டைச் சொல்வார்கள், பதில் வாங்குவார்கள், ஆணை போடுவார்கள். சாட்சி, குறுக்கு விசாரணை என்று நீண்ட விசாரணை பொதுவாக இருக்காது.

17(பி) பெரிய தண்டனைகளுக்கு: பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு. கடைசி இரண்டையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். பணிநீக்கம் ஆனவர் வேறு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அந்த ஆணையே தடையாகாது. பணியறவு ஆனவருக்கு அரசுப் பணியின் கதவு பொதுவாக மூடிவிடும். இரண்டிலும் ஓய்வூதியம் போய்விடும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவருக்கு மனமிரங்கி ஒரு கருணைப்படி கொடுக்கலாம், அதுவும் ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாது. கட்டாய ஓய்வில் வேலை போனாலும் ஓய்வூதிய வழி முழுதாக அடைபடுவதில்லை.

17(பி) நிலுவையில் இருக்கும்வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறுவது சிக்கல். ஆகவே சிலர் "சீக்கிரம் முடிஞ்சா போதும்" என்று எதையாவது எழுதிக் கொடுக்கிறார்கள். அவசரம் நியாயமானதுதான், ஆனால் அதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்வது மலிவான வழியல்ல.

விளக்கம் எழுதுவது

17(பி) குறிப்பாணையோடு நான்கு இணைப்புகள் வழக்கமாக இருக்கும்: குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு அடிப்படையான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல். பதிலுக்குப் பெரும்பாலும் 15 நாள் கொடுப்பார்கள். முதல் இரண்டு நாளுக்குள் பதில் எழுத உட்காராதீர்கள். முதலில் ஒரு பக்கக் கடிதம்: பட்டியலில் உள்ள ஆவணங்களைப் பார்வையிட்டு நகல் எடுக்க அனுமதி வேண்டும், அதுவரை கால நீட்டிப்பு வேண்டும். இதை எழுத்தில் கேட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் தராமலே விசாரணையை முடித்தார்கள் என்றால், பின்னால் நீதிமன்றத்தில் உங்கள் கையில் இருக்கப்போகும் முதல் காகிதம் அதுதான்.

இப்போது ஒரு குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். "கூட்டுப்பட்டா நிலத்தில் மற்ற பங்குதாரர்களை விசாரிக்காமலும் இடத்தணிக்கை செய்யாமலும் தனிப்பட்டாவுக்குப் பரிந்துரை செய்துள்ளார்" என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வரும் பதில் இது:

"ஐயா, எனக்கு இரண்டு கிராமம் கூடுதல் பொறுப்பு. பணிப்பளு காரணமாகக் கவனக்குறைவாக நேர்ந்துவிட்டது. இனிமேல் இதுபோல் நேராது என உறுதி கூறுகிறேன். தயவுகூர்ந்து மேல்நடவடிக்கையைக் கைவிட வேண்டுகிறேன்."

எழுதியவர் இதை வேண்டுகோள் என்று நினைக்கிறார். கோப்பில் இது ஒப்புதல் வாக்குமூலம். விசாரணை அலுவலருக்கு வேலையே மிச்சமில்லை.

அதே குற்றச்சாட்டுக்கு உருப்படியான பதில் வேறு மாதிரி இருக்கும். இடத்தணிக்கை செய்த தேதி என்ன, அது நாட்குறிப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது. பங்குதாரர்களுக்கு நோட்டீஸ் போனதா, யார் பெற்றார்கள், சார்வு நகல் கோப்பில் எங்கே. வில்லங்கச் சான்று பார்த்தது எப்போது. உட்பிரிவு என்றால் அளந்தது நில அளவர், ஆணையிட்டது வட்டாட்சியர், நான் அனுப்பியது அறிக்கை மட்டும் என்பதை எவர் மீதும் பழி போடும் தொனி இல்லாமல், யார் வேலை எது என்ற அளவில் சொல்வது. செய்யாமல் விட்டது ஏதாவது இருந்தால், அதை மட்டும், அதன் அளவில் சொல்வது. "இடத்தணிக்கை 14ஆம் தேதி செய்தேன், இரண்டாம் பங்குதாரர் வெளியூரில் இருந்ததால் அவர் வாக்குமூலம் பெறப்படவில்லை" என்பது உண்மையாக இருந்தால், அது மேலே உள்ள மன்னிப்பைவிடப் பல மடங்கு மேல். பொய் மட்டும் வேண்டாம். பழைய தேதி போட்டு இப்போது நாட்குறிப்பு எழுதினால் கவனக்குறைவாக இருந்த ஒன்று மோசடியாகிவிடும்.

ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். குற்றச்சாட்டு பொத்தாம்பொதுவாக, தேதியோ சர்வே எண்ணோ இல்லாமல், "பணியில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்" என்று இருந்தால், தெளிவாக இல்லை, குறிப்பான விவரம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கடைசியில், வாய்மொழி விசாரணை வேண்டுமா, யாரைச் சாட்சியாக அழைக்க விரும்புகிறீர்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிட வேண்டும். மறுக்கிறீர்கள் என்றால் வாய்மொழி விசாரணை வேண்டும் என்றே எழுதுங்கள். "நேரில் சொல்லிக்கொள்கிறேன்" என்று விடுவது பதிலே ஆகாது.

ஒரு பக்கக் குறிப்பு. இப்போது சான்றிதழ், பட்டா மாறுதல் எல்லாம் ஆன்லைன். பல அலுவலகங்களில் விஏஓவின் லாகினும் பாஸ்வேர்டும் உதவிக்கு வந்த வெளியாளிடம் இருக்கிறது. அவர் உங்கள் பெயரில் பரிந்துரைத்த வருமானச் சான்றுக்கு, இரவு 11 மணி என்று நேரம் பதிவாகியிருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "நான் செய்யவில்லை" என்று எழுதினால், பாஸ்வேர்டைக் கொடுத்தது அடுத்த குற்றச்சாட்டாகும். வசூலித்த நிலவரியை உடனே கட்டாமல் பையில் வைத்திருப்பதும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்து முழுத் தொகையையும் கட்டிவிட்டாலும் அது தற்காலிகக் கையாடல்தான். பணம் திரும்பிவிட்டது என்பது பதிலாகாது.

சஸ்பென்ஷன்

சஸ்பென்ஷன், அதாவது தற்காலிகப் பணிநீக்கம், தண்டனை இல்லை. விதி 17(இ)யில் வருவது, விசாரணை தடையில்லாமல் நடக்க உங்களை ஒதுக்கி வைப்பது. கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், தனியாக முடிவெடுக்க வேண்டிய தேவையில்லாமலே, காவலில் வைத்த நாளிலிருந்து சஸ்பென்ஷன் ஆனதாகக் கருதப்படும்.

இந்தக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. ஆரம்பத்தில் கிட்டத்தட்ட பாதிச் சம்பளம், அதோடு அகவிலைப்படி. காலம் நீண்டால் கூட்டித் தரவும் வழி உண்டு. ஆனால் அது தானாக வராது. வேறு எந்த வேலையோ தொழிலோ பார்க்கவில்லை என்று ஒவ்வொரு மாதமும் சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் பணமில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. அதேபோல ஆணையில் சொன்ன தலைமையிடத்தை அனுமதியில்லாமல் விட்டுப் போகக் கூடாது. ஊருக்குப் போய் உட்கார்ந்துகொண்டால் அது புதிய குற்றச்சாட்டு.

2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராவிட்டால் சஸ்பென்ஷனை நீட்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மூன்று மாதம் முடிந்ததும் மறுபணியமர்வு கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். ஆனால் லஞ்ச வழக்குகளில் அந்தத் தீர்ப்பைக் காட்டியதும் வேலை திரும்பிவிடும் என்று நம்ப வேண்டாம். உயர் நீதிமன்றம் அதைத் தானாக ஓடும் கடிகாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

விசாரணை நாள்

விசாரணை அலுவலராக வருகிறவர் பெரும்பாலும் நம் துறையிலேயே உங்களுக்கு மேலே உள்ளவர். உங்கள் மீது முதற்கட்ட அறிக்கை எழுதியவரே விசாரணை அலுவலராகவும் வந்தால், முதல் நாளே எழுத்தில் ஆட்சேபம் சொல்லுங்கள். தோற்ற பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். லஞ்ச ஒழிப்புத் துறை விசாரித்து அனுப்பிய விவகாரங்கள் சில, ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

வக்கீலை உள்ளே அழைத்துக்கொண்டு போவது உங்கள் உரிமையல்ல. ஆனால் வெளியே ஒருவரிடம் காகிதங்களைக் காட்டிக் கேள்விகளைத் தயார் செய்துகொண்டு போகலாம். முதலில் அரசுத் தரப்புச் சாட்சிகள், அப்புறம் உங்கள் குறுக்கு விசாரணை, பிறகு உங்கள் சாட்சிகள். குறுக்கு விசாரணையில் புதியவர்கள் செய்யும் தப்பு, சாட்சியோடு சண்டை பிடிப்பது. மனுதாரரைப் பார்த்து, "நீ பொய் சொல்றே" என்பதால் பலனில்லை. "மனு கொடுத்த தேதி எது? நான் இடத்தணிக்கைக்கு வந்தபோது நீங்கள் இருந்தீர்களா? உங்கள் கையெழுத்துதானா இது?" என்று சின்னச் சின்னதாகக் கேட்டு, பதிலைப் பதிய வைப்பதுதான் வேலை. சாட்சி வரவே இல்லை, அவர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து முடிக்கப் பார்க்கிறார்கள் என்றால், குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பில்லாத வாக்குமூலத்தை ஏற்க ஆட்சேபிக்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். அன்றாடப் பதிவின் கீழே கையெழுத்திடும் முன் முழுதாகப் படியுங்கள், நகல் கேளுங்கள்.

விசாரணைக்குப் போகாமல் இருப்பது சாமர்த்தியம் என்று சிலர் சொல்வார்கள். நோட்டீஸ் வந்தும் போகவில்லையென்றால் ஒருதலையாக நடத்தி முடித்துவிடுவார்கள். அது செல்லும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குற்றவியல் நீதிமன்றம் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினாலே போதும். நீதிமன்றத்தில் விடுதலையானவர் துறை விசாரணையில் தண்டனை பெறுவது இதனால்தான்.

அறிக்கையும் ஆணையும்

விசாரணை அறிக்கையின் நகலை உங்களுக்குக் கொடுத்து, அதன் மீது உங்கள் கருத்தைக் கேட்ட பிறகுதான் ஆணை போட முடியும். 1993இல் கருணாகர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்த விஷயம் இது. பெரும்பாலும் 15 நாள் தருவார்கள். இந்தக் கட்டத்தில் பழைய விளக்கத்தையே திரும்ப அனுப்புவார்கள் பலர். அதனால் ஒரு பயனும் இல்லை. அறிக்கையில் எந்தச் சாட்சி சொன்னதை விட்டுவிட்டார், எந்த ஆவணத்தைப் பார்க்காமலே முடிவு சொன்னார் என்று பக்க எண் போட்டுக் காட்டுங்கள். அறிக்கை உங்களுக்குச் சாதகமாக வந்து, மேலதிகாரி அதை ஏற்க மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்று காரணத்தை எழுதி உங்களிடம் பதில் கேட்க வேண்டும். 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது.

தண்டனையின் அளவு பற்றித் தனியாக இரண்டாவது நோட்டீஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள். 1976இன் 42ஆவது திருத்தத்தோடு அந்த வழக்கம் போய்விட்டது.

விசாரணை இல்லாமலே அனுப்பும் இடங்கள்

குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றால், விசாரணை வேண்டாம். விதி 17(சி), 311இன் விதிவிலக்கு. மேல்முறையீடு போட்டுச் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தாலும் குற்றத்தீர்ப்பு நிற்கிறது. துறை காத்திருக்க வேண்டியதில்லை என்று தமிழ்நாட்டு அரசுத் துறை ஒன்றின் வழக்கிலேயே 1995இல் சொல்லப்பட்டிருக்கிறது. மேல்முறையீட்டில் விடுதலையானால் ஆணையை மறுபரிசீலனை செய்வார்கள்.

நம் துறையில் இந்த வழியில் போகிறவர்களில் பலர் லஞ்சப் பொறியில் சிக்கியவர்கள். பினாப்தலின் தூள் தடவிய நோட்டு, சோடியம் கார்பனேட் கரைசலில் விரல் நனைத்ததும் இளஞ்சிவப்பு. கதை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சிக்குகிறார்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆகிவிட்டால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் 2022 டிசம்பரில் போய்விட்டது; சூழ்நிலைச் சான்றுகளை வைத்தே லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை திருப்தியில்லை என்று சொல்லி, பழி எதுவும் சுமத்தாமல் விடுவித்தால் 311 துணைக்கு வராது. ஆனால் ஆணையில் "லஞ்சம் வாங்கினார்", "மோசடி செய்தார்" என்று களங்கம் இருந்து விசாரணை நடத்தாமல் இருந்தால், அது தண்டனையே, எதிர்த்துப் போகலாம்.

மேல்முறையீடு

ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதம். யாருக்கு என்பது ஆணையிட்டவர் யார் என்பதைப் பொறுத்தது: கோட்டாட்சியர் போட்டிருந்தால் ஒரு படி மேலே, ஆட்சியர் போட்டிருந்தால் அதற்கும் மேலே. மனு உங்கள் பெயரில், மரியாதையான நடையில், எல்லா நகல்களோடும் இருக்க வேண்டும். விதியில் மேல்முறையீட்டு அலுவலர் மூன்றைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது: உண்மைகள் நிரூபணமாயினவா, அவை நடவடிக்கைக்குப் போதுமானவையா, தண்டனை மிகையா, குறைவா, சரிதானா. உங்கள் மனுவையும் இதே மூன்று தலைப்பில் எழுதிவிடுங்கள். படிக்கிறவருக்கு வேலை சுலபம். பதிலில் இந்த மூன்றையும் தொடாமல் "பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் வந்தால், அதுவே நீதிமன்றத்தில் ஒரு வாதம்.

நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது தமிழ்நாட்டில் இல்லாததால், அடுத்த கட்டம் நேராக உயர் நீதிமன்றம். தென்மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை. அங்கே சாட்சியை மறுபடி எடை போட மாட்டார்கள். நடைமுறை சரியா, ஆதாரமே இல்லாமல் முடிவு செய்தார்களா, தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு அதிகமா என்றுதான் பார்ப்பார்கள். அதில் வென்றாலும் பல நேரம் கிடைப்பது, எந்த இடத்தில் நடைமுறை தப்பியதோ அங்கிருந்து மீண்டும் விசாரிக்கச் சொல்லும் உத்தரவு. அறிக்கை நகல் தராததற்காக ஆணை ரத்தானால், பேப்பரில் மறுபணியமர்வு, கையில் மறுபடியும் சஸ்பென்ஷன், அப்புறம் அதே அறிக்கையின் நகலோடு இன்னொரு மந்தணக் கவர். அதற்குப் பதில் எழுத அன்றைக்கு வாங்கிய முத்திரை நகல்கள் எல்லாம் தேவைப்படும். கோப்பைக் கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.